சிவப்புக் கோட்டுக்கு மேலே

என் அண்ணனும் அண்ணியும் ஒரு வருடம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு, ஒரே குளியலறை. பேச்சு மட்டும் என் வழியாக. "சாப்பாடு ஆயிடுச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்பாள் அண்ணி. அண்ணன் அவளுக்கு எதிரிலேயே, கை நீட்டினால் தொடும் தூரத்தில் உட்கார்ந்திருப்பார். "பசி இல்லைன்னு சொல்லு" என்பார். நான் நடுவில் தையல் மிஷினை மிதித்தபடியே "பசி இல்லையாம்" என்பேன். "பசி இல்லாதவர் எதுக்காம் தட்டையே பார்க்கறாரு?" என்பாள். அதையும் நான்தான் கேட்க வேண்டும். கல்யாணமாகி மூன்றே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவள் நான். புருஷன் பெண்டாட்டி சண்டைக்குத் தபால்காரியாக என்னைவிடத் தோதான ஆள் எங்கே கிடைக்கும்?

வீடு என்றால் ஏரிக்கரையில் பம்ப் ஹவுஸை ஒட்டிய இரண்டு அறைகள். அண்ணன் பம்ப் ஆபரேட்டர். ஏரித் தண்ணீரை இழுத்து டவுனுக்கு அனுப்பும் இரண்டு மோட்டார்களும் அவர் பொறுப்பு. மோட்டார் ஓடினால் எங்கள் அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நடுங்கும். அதனால் நாங்கள் மூவருமே கத்திப் பேசிப் பழகியவர்கள். டவுனில் அண்ணனுக்குப் பட்டப்பெயரே மோட்டார். வேலையை வைத்து வந்த பெயர் என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். ஓயாத வாயை வைத்து வந்த பெயர் என்று டீக்கடைக்காரர் என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அண்ணிக்கும் ஏரியில்தான் வேலை, ஆனால் வேறு ஆபீஸ். ஏரி நடுவில் இருக்கும் மண்திட்டில் முட்டை வைக்க வரும் ஆலாப் பறவைகளுக்கு அவள் காவல். காக்கிச் சட்டை, ஒரு பழைய பைனாகுலர், ஒரு சின்னப் படகு, நாயை விரட்ட ஒரு கம்பு. அவ்வளவுதான் அவள் ஆயுதங்கள். ஊரில் அவளை ஆலாக்காரி என்பார்கள்.

அவசரக்காரனை ஆலாய்ப் பறக்கிறான் என்கிறோம். பறவையை நேரில் பார்த்தால் அது அநியாயப் பேச்சு என்று தெரியும். வெள்ளை உடம்பு, கறுப்புத் தொப்பி, ஆரஞ்சு மூக்கு. தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, கீழே நிதானமாகப் பார்த்து, தலைகீழாக விழுந்து மீனோடு எழும். ஒரே குறை, கூடு கட்டுகிற பழக்கம் கிடையாது. வெட்டவெளித் தரையில் காலால் கொஞ்சம் பறித்துவிட்டு அதிலேயே முட்டை வைத்துவிடும். முட்டையும் மண் நிறத்தில் புள்ளி போட்டு, பக்கத்தில் கிடக்கும் கூழாங்கல்லாகவே இருக்கும். "இதுக்குப் போய் காவலா? கோழியே இதைவிட ஒழுங்கா குடும்பம் நடத்தும்" என்று நான் அண்ணியைக் கிண்டல் செய்வேன். "நீ பேசற குடும்பத்தைப் பத்தி!" என்பாள். வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்வது எனக்குப் புதிதில்லை.

இந்தப் பறவைக்கு ஏரி நிறைந்திருந்தாலும் ஆகாது, வற்றினாலும் ஆகாது. நிறைந்திருந்தால் திட்டே முழுகிக் கிடக்கும். மழைக்காலம் முடிந்து தண்ணீர் இறங்க இறங்கத் திட்டு தலைகாட்டும், ஆலாக்கள் வந்து இறங்கும். ஆனால் ரொம்ப இறங்கிவிட்டால் வேறு ஆபத்து. ஏரி கட்டுவதற்கு முன்னால் அங்கே ஒரு தார் ரோடு இருந்தது. அது இன்னும் தண்ணீருக்கடியில் கரையிலிருந்து நேராகத் திட்டுக்குப் போகிறது. பம்ப் ஹவுஸ் தூணில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் பழைய ரோடு வெளியே வந்துவிடும். ரோடு வந்தால், அதில் நடந்து நாய் வரும்.

சண்டை வந்ததும் இதனால்தான். அந்தக் கோடையில் டவுனில் குழாயெல்லாம் காற்றுதான் விட்டது. ஆபீஸிலிருந்து அண்ணனுக்குப் போன் மேல் போன். இரண்டு மோட்டாரையும் ஓயாமல் ஓட்டினார். தண்ணீர் கோட்டைத் தாண்டி இறங்கியது. ஒரு விடிகாலையில் கரையோரத்து நாய்க்கூட்டம் அந்த ரோட்டில் நடந்து திட்டுக்குப் போய்விட்டது. அண்ணி செருப்புகூடப் போடாமல் கம்போடு ஓடினாள். போய்ச் சேர்ந்தபோது ஒரு குஞ்சு மிச்சமில்லை.

நேராகப் பம்ப் ஹவுஸுக்கு வந்தாள். டீக்கடைக்காரர், மீட்டர் பார்க்க வந்தவர், வால்வு ரிப்பேர்காரர் எல்லோரும் இருந்தார்கள். "கொன்னுட்டீங்க" என்றாள். அண்ணனுக்கு நாலு பேர் முன்னால் தன்மானம் வந்துவிட்டது. "ஊர் தாகத்துல சாகட்டும், உன் பறவைக்குத் தண்ணி வெச்சிருக்கேன்னு சொல்லவா? முட்டைதானே, அடுத்த வருஷம் போடும்!" என்றார். ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது அண்ணிக்கும் தெரியும். அதை அவள் மன்னித்திருப்பாள். அந்த "முட்டைதானே"யைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை. அன்றைக்கு வாயை மூடியவள்தான்.

அடுத்த மழையும் பேருக்குப் பெய்தது. ஏரி பாதிகூட நிறையவில்லை. திட்டின் தலை தண்ணீருக்குள் போகவே இல்லை. வருடம் முழுக்க வெயிலில் காய்ந்து, அந்தக் கொஞ்ச மழையில் நனைந்து, முள்செடியும் கோரையுமாக மண்டிவிட்டது. எங்கள் ஜன்னலிலிருந்து பார்த்தால் திட்டின் உச்சி பச்சைப் பசேலென்று தெரிந்தது. அண்ணன் அதைப் பார்த்து எவ்வளவு சந்தோஷப்பட்டார் தெரியுமா? "பாரும்மா, இந்த வருஷம் பறவைக்கெல்லாம் நிழல் கிடைச்சிருக்கு" என்றார். எனக்கும் நல்லதாகத்தான் பட்டது.

ஆலாக்கள் வந்தன. அண்ணி தினமும் படகில் தள்ளி நின்று பார்த்துவிட்டு வருவாள். ஒருநாள் வந்ததும் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "திட்டுல முட்டை வெச்சாச்சுன்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லு." அண்ணன் அங்கேதான் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். "இன்னொண்ணும் சொல்லு. இந்த வருஷமும் தண்ணி சிவப்புக் கோட்டுக்குக் கீழ போச்சுன்னா, நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வரமாட்டேன்."

இதை நான் திருப்பிச் சொல்லவில்லை. அண்ணன் செய்தித்தாளைப் பிடித்தபடியே இருந்தார். அது தலைகீழாக இருந்தால்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

திட்டில் எந்த இடத்தில் முட்டை வைத்திருக்கின்றன என்று அண்ணி சொல்லவில்லை. பேசிக்கொள்ளாத புருஷனுக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பும் செய்தியில் அவ்வளவு விவரமா இருக்கும்? போன வருடம் உச்சியில் இருந்தன, இந்த வருடமும் அங்கேதான் இருக்கும் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

வெயில் ஏறியது. தண்ணீர் இறங்கியது. கரையோரம் சிப்பிகள் வாய் பிளந்து செத்துக் கிடந்தன. சின்னச் சின்னக் குட்டைகளில் மாட்டிக்கொண்ட மீன்கள் வாலால் சேற்றை அடித்து, பிறகு அடிக்காமல் கிடந்தன. நாற்றம் அடுப்பங்கரை வரைக்கும் வந்தது. அண்ணன் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் தூணைப் போய்ப் பார்த்தார். ஒரு மோட்டாரை அவ்வப்போது நிறுத்தினார். நிறுத்தினால் போன் வரும். ஓட்டினால் தண்ணீர் இறங்கும். மனுஷன் சாப்பாட்டில் கை வைத்துவிட்டு எழுந்து எழுந்து போனார். கோட்டுக்கும் தண்ணீருக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம்தான் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணியை ஆபீஸில் இரண்டு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். நீர்ப்பறவைகளைக் காப்பது எப்படி என்று வகுப்பாம். "பறவையை விட்டுட்டு வந்து உக்காந்து பறவையைக் காப்பாத்தக் கத்துக்கணுமாம்" என்று எரிச்சலோடு பஸ் ஏறினாள்.

அவள் போனதும் அண்ணன் சட்டையை மாற்றினார்.

"எங்கண்ணே?"

"மச்சானைப் பார்த்துட்டு வரேன்."

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன். அண்ணியின் அண்ணன் மேல் ஏரியில் மதகு ஆபரேட்டர். கல்யாணத்திலேயே இருவருக்கும் முட்டிக்கொண்டு, எங்கள் அண்ணன் அந்த வீட்டுப் படியை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டிருந்தார். நல்லது கெட்டது எதற்கும் போனதில்லை. அந்த மனுஷன் இப்போது தலைக்கு எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு கிளம்புகிறார்.

சாயங்காலம் வாயெல்லாம் பல்லாக வந்தார். மேல் ஏரியிலிருந்து எங்கள் ஏரிக்கு அடுத்த மாதம் விட வேண்டிய பங்குத் தண்ணீரை இப்போதே விட மச்சான் தன் ஆபீஸில் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாராம்.

"என்னண்ணே சொன்னீங்க அவர்கிட்ட?"

"என்ன சொல்றது? உங்க தங்கச்சி என்னை விட்டுட்டுப் போயிடுவா, காப்பாத்துங்கன்னேன்."

"சிரிச்சாரா?"

"சிரிக்கலை. உள்ள கூப்பிட்டு சாப்பாடு போட்டாரு" என்றார். பிறகு, "அவகிட்ட சொல்லிடாத. வந்து தானா பார்க்கட்டும்" என்றார். கல்யாணம் நிச்சயமான பையன் மாதிரி இருந்தது அவர் முகம்.

மறுநாள் தண்ணீர் வந்தது. சத்தமெல்லாம் இல்லை. காலையில் பார்த்தால் குட்டைகள் ஒன்றாகியிருந்தன. மத்தியானம் செத்த சிப்பிகள் மறைந்தன. பழைய ரோட்டின் மேல் அதுவரை கணுக்கால் அளவுகூட இல்லாமல் தெளிவாகத் தெரிந்த தண்ணீர், கலங்கி ஆழமாகிவிட்டது. ஒரு நாய் இறங்கிப் பார்த்து, கழுத்து வரை நனைந்து, அவமானப்பட்டுத் திரும்பி வந்தது. அண்ணன் அதைப் பார்த்துக் கைதட்டினார். சத்தியமாகக் கைதட்டினார். கோட்டுக்கு மேல் இரண்டு சாண் ஏறிவிட்டது. தூரத்தில் திட்டின் பச்சை உச்சி பத்திரமாகத் தெரிந்தது. ஆலாக்கள் அதற்கு மேலே கூட்டமாகச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தன. "சந்தோஷத்தைப் பாரு அதுங்களுக்கு!" என்றார் அண்ணன்.

நானும் ஆமாம் என்றுதான் தலையாட்டினேன்.

அதற்கு அடுத்த நாள் மத்தியான பஸ்ஸில் அண்ணி வந்தாள். அண்ணன் அப்போது மோட்டார் அறையில் இருந்தார். அவள் பையைக்கூட இறக்கவில்லை, கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தாள். அவள் முகத்தைப் பார்க்கத்தான் நான் வேலையை விட்டு ஓடி வந்திருந்தேன். அந்த முகத்தில் ரத்தமே இல்லை.

"தண்ணி எப்படி ஏறிச்சு?"

"அண்ணன்தான் அண்ணி... உங்களுக்காக உங்க அண்ணன்கிட்டயே போய்க் கேட்டு..."

"படகுல ஏறு" என்றாள்.

துடுப்பை அவளே போட்டாள். திட்டை நெருங்கியதும் துடுப்பை எடுத்துவிட்டாள். படகு தானாகப் போய்க் கோரையில் முட்டி நின்றது. தண்ணீர் ஓரமெல்லாம் காய்ந்த கோரைத் தண்டும் நுரையும் குப்பையும் ஒரு பட்டையாக மிதந்துகொண்டிருந்தன. அதற்குள் முட்டைகள். முதலில் நான் காய் ஏதோ என்று நினைத்தேன். எங்கே பார்த்தாலும் முட்டைகள். அலை வரும்போது எல்லாம் சேர்ந்து ஏறின, சேர்ந்து இறங்கின.

"உச்சியில செடி மண்டிடுச்சு. அதுங்களுக்குச் சுத்தி வெட்டவெளி வேணும், அப்பத்தான் ஆபத்து வந்தா தெரியும். அதான் இந்த வருஷம் கீழ இறங்கி வந்து ஈரம் காஞ்ச மண்ணுல வெச்சுது. தண்ணிக்கு ஒரு சாண் மேல" என்றாள். பாடம் ஒப்பிப்பதுபோல, மேலும் கீழும் போகாத குரலில் சொன்னாள்.

நான் ஒரு முட்டையை எடுத்தேன். சில்லென்று இருந்தது. "மிதக்குதே அண்ணி, அப்போ கெட்டுப் போகலையோ?" என்று கேட்டேன். என் முட்டாள் வாய்.

"புது முட்டை முழுகிடும். உள்ள குஞ்சு வளர்ந்து, பொரியப் போறப்பத்தான் மிதக்கும்" என்றாள். "எல்லாம் மிதக்குது, பார்த்தியா."

ஓர் ஆலா எங்கள் தலைக்கு மேலே, வெறும் தண்ணீருக்கு மேல், ஒரே இடத்தில் சிறகடித்து நின்றது. கீழே பார்த்தது. இறங்கியது. தண்ணீரில் வயிறு பட்டதும் எழுந்தது. மறுபடி அதே இடத்துக்கு மேலே போய் நின்றது. மீனுக்காக இல்லை. மீனுக்கென்றால் தலைகீழாக விழும். இது உட்காரப் பார்த்தது. அண்ணி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு முழங்காலில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நாய்கள் தின்றபோதுகூட அவள் அழவில்லை. நாயைத் திட்ட முடிந்தது, அண்ணனைத் திட்ட முடிந்தது. இன்றைக்கு யாரைத் திட்டுவாள்? எனக்கும் அழுகை வந்தது. பறவைக்காக அழுதேனா, அண்ணனுக்காக அழுதேனா என்று கேட்டால் அண்ணனுக்காகத்தான்.

"மறுபடி வைக்காதா?"

"நாள் போயிடுச்சு. இனிமே வெச்சா குஞ்சு பறக்கறதுக்குள்ள மழை வந்துடும்" என்றாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது படித்துறையில் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். கிரீஸ் கையைக் கழுவி, சவரம் செய்து, நல்ல சட்டை போட்டிருந்தார். படகுக்குக் கயிறு வாங்கக் கையை நீட்டிக்கொண்டே நின்றார். ஒரு வருடமாக அவளைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்த மனுஷன், கண்ணை எடுக்காமல் பார்த்தார்.

அண்ணி மெதுவாக என்னிடம் சொன்னாள்: "அவர்கிட்ட சொல்லாத."

படகு கரை தட்டியது. அவள் கயிற்றை அண்ணன் கையில் கொடுத்தாள். நேராக அவரைப் பார்த்து, "தண்ணி வந்துடுச்சு. ஒரு நாய்கூட போகலை" என்றாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அண்ணனுக்கு வாய் கோணியது. மோட்டார் என்று பெயர் வாங்கிய மனுஷனுக்குப் பேச்சே வரவில்லை. "நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, கட்டின கயிற்றையே மறுபடி மறுபடி கட்டினார்.

அன்றோடு என் தபால் வேலை போனது. வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மச்சான் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். ஆலாக்கள் சில நாள் சுற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போய்விட்டன. "எங்க, ஒண்ணையும் காணோம்?" என்று அண்ணன் கேட்டார். "குஞ்செல்லாம் பறந்துடுச்சு" என்றாள் அண்ணி, காய் நறுக்கிக்கொண்டே. முட்டை எத்தனை நாளில் பொரியும், குஞ்சு எத்தனை நாளில் பறக்கும் என்று அவருக்கு என்ன தெரியும்? டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டு, "நம்ம பறவையெல்லாம் தப்பிச்சுடுச்சுப்பா, ரெண்டு சாண் தண்ணி கொண்டு வந்தேன் பாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அங்கே டீ வாங்கப் போன நான் சர்க்கரை போதாது என்று கடைக்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று ஒருநாள் அண்ணியைக் கேட்டேன். "போனது வரப் போறதில்லை. அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தேல்ல?" என்றாள். அன்று அவள் அவரோடு சிரித்துப் பேசினாள். பிறகு பின்பக்கம் போய்க் காக்கிச் சட்டையை, அது சுத்தமாக இருந்தபோதும், அடித்து அடித்துத் துவைத்தாள்.

அடுத்த வருடம் ஆலாக்கள் வருமா என்று அவளுக்கு நிச்சயமில்லை. ஒரு தரம் நாய், ஒரு தரம் வெள்ளம். எந்தப் பறவை மூன்றாம் தரம் நம்பி வரும்? ஜன்னலருகே நின்று பைனாகுலரில் பார்ப்பாள், இறக்குவாள். வந்தன, ஆனால் கொஞ்சம்தான். முன்னே வந்த கூட்டத்தைப் பார்த்தவளுக்கு அது கூட்டமே இல்லை. திட்டின் உச்சி இன்னும் முள்ளாகவே கிடந்தது. வந்தவை மறுபடியும் கீழேதான் இறங்கின, தண்ணீரோரத்து மண்ணில். அண்ணி தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

தண்ணீர் கோட்டை நெருங்கியது. ஒரு மத்தியானம் நாங்கள் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் தண்ணீர் குடித்து டம்ளரை வைத்துவிட்டு, பெரிய மனுஷத் தோரணையில் சொன்னார்: "நீ ஒண்ணும் கவலைப்படாத. மச்சான்கிட்ட பேசிட்டேன். நாளைக்குத் திறந்து விடறாரு."

அலமாரியில் டம்ளர்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. அண்ணியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் தட்டைப் பார்த்தேன். சொன்னால் இந்த வீட்டில் சிரிப்புப் போகும். சொல்லாவிட்டால் நாளைக்கு எல்லாம் மிதக்கும். இவள் எதை எடுப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"கை கழுவிட்டு வாங்க. படகுல ஒரு இடத்துக்குப் போகணும்" என்றாள்.

"எனக்கு டியூட்டி இருக்கு."

"மோட்டார் தானா ஓடும். வாங்க."

நான்தான் துடுப்பு போட்டேன். அத்தனை வருடம் அந்த ஏரியில் வேலை பார்த்தும் அண்ணன் திட்டுக்கு வந்ததே இல்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். திட்டில் கால் வைத்ததும், "அப்படியே நில்லுங்க, அசையாதீங்க" என்றாள் அண்ணி. அவர் ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார். அவர் செருப்புக்குப் பக்கத்தில் மூன்று முட்டைகள் இருந்தன. அவளாகக் காட்டும் வரை அவருக்குத் தெரியவில்லை. பிறகு இன்னொரு குழி தெரிந்தது, அதற்கு அப்பால் இன்னொன்று. ஆலாக்கள் மேலே கத்திக்கொண்டு எங்கள் தலையைக் குறிவைத்து இறங்கின.

"இங்கயா? மேலதானே..." என்றார் அண்ணன். பச்சை உச்சியைப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார். குனிந்து, முட்டைக்கும் தண்ணீருக்கும் நடுவில் கையை விரித்து வைத்தார். ஒரு சாண்கூட இல்லை. இரண்டு சாண் கொண்டு வந்தேன் பாரு என்று ஊரெல்லாம் சொன்ன கை அது.

அண்ணி ஒரு முட்டையை எடுத்து அவர் காதருகே வைத்தாள். உள்ளேயிருந்து குஞ்சு கத்துவது, துடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குக் கேட்கவில்லை, அவருக்குக் கேட்டிருக்கிறது. அவர் முகம் மாறியது.

"போன வருஷமும் இங்கதான் வெச்சிருந்துதா?"

"ஆமா."

"அதுவும் இப்படிக் கத்திச்சா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். ஒரு வருடமாகச் சொன்னவளுக்கு இன்னொன்று பெரிய கஷ்டமில்லை. சொல்லிவிடு அண்ணி என்று நான் மனதுக்குள் கெஞ்சினேன்.

"நான் வர்றதுக்குள்ள நின்னுடுச்சு" என்றாள்.

அண்ணன் முட்டையை வாங்கி, அது இருந்த குழியிலேயே இரண்டு கையாலும் வைத்தார். கரைக்கு வந்ததும் மச்சானுக்குப் போன் போட்டு, "தண்ணி வேணாம் மச்சான்" என்றார். ஏன் என்று மச்சான் கேட்டார் போலிருக்கிறது. "வேணாம்" என்று மட்டும் மறுபடி சொன்னார்.

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இறங்கியது. பழைய ரோடு வெளியே வந்தது. அண்ணி வீட்டை விட்டுப் போகவில்லை. அண்ணன் டியூட்டி முடிந்ததும் கம்பை எடுத்துக்கொண்டு அந்த ரோட்டின் நடுவில் போய் உட்கார்ந்துகொள்கிறார். அவர் டியூட்டிக்கு வந்தால் அண்ணி உட்காருகிறாள். இருவரும் பேசிக்கொள்கிறார்கள், நாய் வந்துச்சா, சாப்பிட்டீங்களா என்று. அதற்கு மேல் பேச்சு இல்லை. சில குஞ்சுகள் நடக்க ஆரம்பித்திருக்கின்றன.

நேற்று அவருக்கு டீ வாங்கிக்கொண்டு நான் போனபோது, டீக்கடைக்காரரும் கூடவே கரைவரை வந்தார். "என்ன மோட்டார், வெயில்ல காயற? நீ காப்பாத்துன பறவைங்க போல இருக்கு, அதெல்லாம்?" என்று கரையிலிருந்தே கத்திக் கேட்டார்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. "இல்லப்பா. நான் முழுகடிச்சதுல மிச்சம்" என்றார்.